அரைக்காலும் அலகு விலையும்

சென்ற ஆண்டு எம் துறையின் இலக்கிய மன்ற விழாவில் தேநீர் வழங்குவதற்காகத் தேயிலை வாங்கச் சென்றோம். ஆசிரியர் இருவர், மாணவர் மூவர், உடன் அலுவலக உதவியாளர் ஒருவர். கடையில் ஒரே வகைத் தேயிலை மூன்று அளவுகளில் இருந்தது. 100 கிராம் 38 ரூபாய். 250 கிராம் 90 ரூபாய். 500 கிராம் 185 ரூபாய். எமக்கு வேண்டியது அரைக் கிலோ. பெரிய பொட்டலமே மலிவாக இருக்கும் என்னும் நினைப்பில் 500 கிராம் பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டோம். உதவியாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, கால் கிலோவா இரண்டு எடுத்தா நூற்றெண்பதுதான் ஆகும்."

ஐந்து ரூபாய்தானே என்று சிரித்துக்கொண்டோம். அவர் சிரிக்கவில்லை. "மாசம் முழுக்க இப்படிப் பார்த்து வாங்கினாத்தான் ஐயா, பிள்ளைக்குப் பஸ் காசு மிஞ்சும்" என்றார். அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பட்டம் பெற்றவர்களும் பட்டம் பெறப் போகின்றவர்களுமாக நின்ற ஐவருக்கும் அந்தக் கணக்கு தெரியாததன்று. ஆயினும் கடை வாயிலில் அது எம் நினைவுக்கு வரவில்லை. வகுப்பறையில் கற்ற பின்னக் கணக்கு கடைத்தெருவில் எவ்வாறு கைகொடுக்கும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவில் வாழ்ந்த பின்னங்கள்

தமிழில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அரை, கால், முக்கால் ஆகியவற்றை இன்றும் வழங்குகின்றோம். காலின் பாதி அரைக்கால். அஃதாவது எட்டில் ஒன்று. அரைக்காலின் பாதி வீசம். அது பதினாறில் ஒன்று. இருபதில் ஒன்று மா எனப்படும். எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டிப் பார்த்தால் எண்பதில் ஐந்து, அஃதாவது பதினாறில் ஒன்று வரும். எனவே மாகாணியும் வீசமும் ஒன்றே. பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கு அமைந்திருப்பதைக் காண்கின்றோம். ஜகாத்தின் அளவாகிய நாற்பதில் ஒன்றுக்கும் தமிழில் பெயர் உண்டு, அது அரைமா.

பழைய அளவைகளும் நாணயமும் இப்பின்னங்களோடு ஒத்து நடந்தன. படியில் பாதி உரி. உரியில் பாதி உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. ஆகவே ஆழாக்கு என்பது அரைக்கால் படி. ரூபாய்க்குப் பதினாறு அணா. எட்டணா அரை, நாலணா கால், இரண்டணா அரைக்கால், ஓரணா வீசம். படி அரிசி ஒரு ரூபாய் என்று கொண்டால், ஆழாக்கு அரிசி இரண்டணா என்பதைச் சொல்லத் தாளும் வேண்டா, எழுதுகோலும் வேண்டா. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் கணக்கில் ஏமாறாமல் இருந்ததற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம் எனலாம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பாடிப் பாடி மனப்பாடம் செய்தார்கள். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் அளவைகளையும் பின்னங்களையும் செய்யுளாகவே சொல்லிச் சென்றது.

1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயா பைசாவாகப் பிரிக்கப்பட்டது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வழக்கிற்கு வந்தன. பத்துப் பத்தாகப் பெருகும் முறை எளியது. நாடு முழுவதற்கும் ஒரே அளவு கிடைத்தது பெரும் நன்மை. ஆயினும் பாதி பாதியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அதனோடு தளர்ந்தது. 2019இல் வெளிவந்த யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழின் பழம் பின்னக் குறிகள் இடம்பெற்றுவிட்டன. கணினி ஏற்றுக்கொண்ட அக்குறிகளின் பெயர்களை நம் மாணவர் பலர் கேட்டதே இல்லை.

மனக்கணக்கின் வழி

பாதியாக்கும் முறை மெட்ரிக் அளவிலும் நன்கு பயன்படும். துவரம்பருப்பு கிலோ 168 ரூபாய் என்க. அரைக் கிலோ 84. கால் கிலோ 42. அரைக்கால் கிலோ, அஃதாவது 125 கிராம், 21 ரூபாய். இந்த மூன்று எண்கள் போதும். 375 கிராம் வேண்டுமாயின் காலும் அரைக்காலும் சேர்த்து 63 ரூபாய். 625 கிராம் வேண்டுமாயின் அரையும் அரைக்காலும் சேர்த்து 105 ரூபாய். 875 கிராம் வேண்டுமாயின் கிலோவிலிருந்து அரைக்காலைக் கழித்து 147 ரூபாய். 100 கிராமின் விலை வேண்டுமாயின் பத்தில் ஒன்று. 16 ரூபாய் 80 பைசா.

இதன் மறுதலையே அலகு விலை காணல். சிறு அளவின் விலை தெரியும்போது கிலோவின் விலையைக் காண்பது அது. 250 கிராமின் விலையை நான்கால் பெருக்க வேண்டும். 200 கிராமாயின் ஐந்தால். 125 கிராமாயின் எட்டால். 400 கிராமாயின் இரண்டரையால். 750 கிராமாயின் விலையோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் போதும். 750 கிராம் 150 ரூபாய் என்றால், மூன்றில் ஒன்று 50. கிலோ 200 ரூபாய். 800 கிராமாயின் விலையோடு அதன் கால் பங்கைக் கூட்ட வேண்டும்.

இப்போது தேயிலைக்கு வருவோம். 100 கிராம் பொட்டலத்தில் கிராம் 38 பைசா. 250 கிராம் பொட்டலத்தில் 36 பைசா. 500 கிராம் பொட்டலத்தில் 37 பைசா. நடுவில் இருந்ததே மலிவு. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பது நம்பிக்கையே தவிர விதி ஆகாது.

ஒன்றின் விலை கண்டு பலவற்றை ஒப்பிடும் இக்கணக்கு நெடிய மரபுடையது. தெரிந்த அளவு, அதன் பயன், வேண்டிய அளவு ஆகிய மூன்றைக் கொண்டு நான்காவதைக் காணும் திரைராசிகத்தை 499இல் எழுந்த ஆரியபட்டீயம் கூறுகிறது. இந்தியாவை ஆராய்ந்த அல்பிரூனி, இந்தியரின் ராசிகக் கணக்குகளைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். பின்னத்தின் மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் இடையே இன்று நாம் இடும் கோடு, 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மக்ரிப் நாட்டுக் கணிதர் அல்ஹஸ்ஸாரின் நூலில் காணப்படுகிறது. வணிகர் சென்ற வழியெல்லாம் இக்கணக்கும் சென்றது.

மயக்கும் மூன்று இடங்கள்

கடைத்தெருவில் பின்னம் தெரியாதவரை மயக்கும் இடங்கள் பல. அவற்றுள் மூன்றை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, சிறிய எண்ணைக் கூவி அழைப்பது. 'கால் கிலோ பதினைந்து' என்று ஒருவர் கூவுகிறார். 'கிலோ ஐம்பத்தைந்து' என்று மற்றொருவர் கூவுகிறார். காதுக்குப் பதினைந்து சிறியது. நான்கால் பெருக்கினால் அறுபது. ஒரே அளவுக்கு மாற்றாமல் இரு விலைகளை ஒப்பிடலாகாது என்பதே இங்குக் கொள்ளத்தக்க பாடம்.

இரண்டாவது, கூடுதலும் குறைதலும். 400 கிராம் பொருளோடு 100 கிராம் இலவசம்; '25 விழுக்காடு கூடுதல்' என்று உறையில் அச்சிட்டிருக்கிறது. விலை 100 ரூபாய். விலையில் 25 விழுக்காடு குறைந்துவிட்டதாகப் பலர் எண்ணுவர். முன்பு கிராம் 25 பைசா. இப்போது 20 பைசா. குறைந்தது ஐந்தில் ஒன்று, அஃதாவது 20 விழுக்காடே. இதன் எதிர்ப்பக்கம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பத்து ரூபாய்ப் பொட்டலத்தின் விலை மாறவில்லை. உள்ளிருக்கும் பண்டம் மட்டும் 80 கிராமிலிருந்து 64 கிராமாகக் குறைகிறது. ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது என்று தோன்றும். ஆனால் கிராமின் விலை பன்னிரண்டரைப் பைசாவிலிருந்து ஏறத்தாழப் பதினைந்தரைப் பைசாவுக்கு மேல் ஏறிவிட்டது. கணக்கிட்டால் விலை நான்கில் ஒரு பங்கு உயர்ந்துள்ளது. உறையின் முகப்பில் உள்ள பத்து ரூபாய் இதனைச் சொல்லாது. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள நிகர எடையே சொல்லும்.

மூன்றாவது, தள்ளுபடியின்மேல் தள்ளுபடி. துணிக்கடையில் '50 விழுக்காடு, அதன்மேல் 20 விழுக்காடு' என்கின்றனர். இரண்டையும் கூட்டி 70 என்று கொள்வது பிழை. ஆயிரம் ரூபாய்ப் புடவை முதலில் ஐந்நூறாகும். அந்த ஐந்நூற்றில் ஐந்தில் ஒன்று, அஃதாவது நூறு கழியும். கொடுக்க வேண்டியது நானூறு. மொத்தத் தள்ளுபடி 60 விழுக்காடு. பின்னத்தின் பின்னம் பெருக்கலே தவிரக் கூட்டல் அன்று.

பொன் வாங்கும்போது

ஐந்து ரூபாய்க் கணக்கில் பொறுமை இல்லாதவர் பொன் வாங்கும்போதேனும் பின்னத்தை மறக்கலாகாது. மகளின் திருமணத்திற்காகப் பல ஆண்டுகள் சேமித்த பணம் ஒரு பிற்பகலில் கைமாறும் இடம் அது. 22 காரட் என்பது இருபத்துநான்கில் இருபத்திரண்டு பங்கு தூய பொன். சுருக்கினால் பன்னிரண்டில் பதினொன்று. ஆயிரத்துக்குக் கணக்கிட்ட எண்ணே நகையில் காணும் 916.

ஒரு நாளில் ஓர் ஊரில் கிராம் விலை பெரும்பாலும் கடைக்குக் கடை மாறுவதில்லை. மாறுவன செய்கூலியும் சேதாரமும். சேதாரம் பன்னிரண்டரை விழுக்காடு என்றால் அரைக்கால். எட்டுக் கிராமுக்கு ஒரு கிராம். ஒரு சவரன் நகையைக் கழுத்தில் அணிந்துகொண்டு ஒன்பது கிராமுக்கு விலை கொடுக்கின்றோம் என்று பொருள். ஐந்து சவரன் நகைக்கு 40 கிராமின் அரைக்கால், 5 கிராம் சேதாரம். வேறொரு கடையில் அதே வேலைப்பாட்டுக்கு 8 விழுக்காடு கேட்டால் சேதாரம் 3.2 கிராம். வேற்றுமை 1.8 கிராம். விழுக்காட்டைக் கிராமாக்கிப் பார்த்த பிறகே அதன் உண்மையான கனம் விளங்கும்.

சட்டம் தரும் துணை

பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை அளவையியல் விதிகள் 2011இல் நடைமுறைக்கு வந்தன. அவை 2021இல் திருத்தப்பட்டன. குறிப்பிட்ட சில பொருள்களை இன்ன இன்ன அளவில்தான் பொட்டலமிட வேண்டும் என்றிருந்த அட்டவணை அத்திருத்தத்தால் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, ஓரலகின் விற்பனை விலையையும் உறைமேல் அச்சிட வேண்டும் என்னும் விதி சேர்க்கப்பட்டது. நுகர்வோர் கணக்கிட வேண்டியதை உறையே கணக்கிட்டுக் காட்டுகிறது என்று மகிழலாம்.

எனினும் இங்கும் சிறிது விழிப்பு வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமின் விலையும், கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலத்தில் கிலோவின் விலையும் அச்சிடப்படும். ஒன்றில் 0.21 ரூபாய் என்றும் மற்றொன்றில் 206 ரூபாய் என்றும் இருந்தால் முதலாவதை ஆயிரத்தால் பெருக்கிய பின்னரே ஒப்பிட முடியும். பெருக்கினால் 210 வரும். அன்றியும், இவ்விலை இரண்டு தசம இடங்களுக்கு முழுதாக்கப்படுகிறது. கிலோ 205 ரூபாய் ஆகும் பொருளும் 214 ரூபாய் ஆகும் பொருளும் கிராமுக்கு 21 பைசா என்றே காட்டும். எனவே விலையை எடையால் வகுத்துப் பார்க்கும் திறன் நம்மிடமும் இருத்தல் நன்று.

மலிவும் பயனும்

அலகு விலை குறைவாக இருப்பதனாலேயே ஒன்றை வாங்கிவிடலாமா? தக்காளி கிலோ 35 ரூபாய். மூன்று கிலோ 100 ரூபாய். மூன்றாக வாங்கினால் ஐந்து ரூபாய் மிச்சம். ஆனால் அரைக் கிலோ அழுகிப் போனால் பயன்பட்டது இரண்டரைக் கிலோ. நூறை இரண்டரையால் வகுத்தால் கிலோ 40 ரூபாய். மலிவாக வாங்கியது விலை உயர்ந்ததாக முடிந்தது. வாங்கிய அளவால் வகுப்பதைவிடப் பயன்படும் அளவால் வகுப்பதே குடும்பக் கணக்கு.

சிறு உறைகள் எப்போதும் விலை கூடியவை என்று கூறுவதும் பிழை. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு உறைகளில் அடைத்து விற்ற முன்னோடி. அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில் அச்சிறு உறையைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றது. 5 மில்லி உறை ஒரு ரூபாய் என்றால் மில்லி 20 பைசா. 200 மில்லிப் புட்டி 90 ரூபாய் என்றால் மில்லி 45 பைசா. இவ்வாறு உறையே மலிவாக அமைவதும் உண்டு. வகுத்துப் பாராமல் எதனையும் துணியலாகாது.

இவற்றையெல்லாம் அறிந்தும் மலிவானதை வாங்க இயலாதவர் உளர் என்பதை மறத்தல் கூடாது. நாட்கூலி பெறும் குடும்பத்தார் அன்றாடம் 50 மில்லி எண்ணெயைப் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்குகின்றனர். இருபது நாளில் ஒரு லிட்டர். கொடுத்தது 240 ரூபாய். அதே எண்ணெய் ஒரு லிட்டராக வாங்கினால் 200 ரூபாய். கையில் இருநூறு ரூபாய் மொத்தமாக இல்லாத காரணத்தால் ஐந்தில் ஒரு பங்கை அவர்கள் கூடுதலாகக் கொடுக்கின்றனர். அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று கூறுவது அறியாமை. ஐந்து வீட்டார் ஆளுக்கு நாற்பது ரூபாய் போட்டு ஒரு லிட்டர் வாங்கி, வீட்டுக்கு 200 மில்லியாகப் பகிர்ந்துகொண்டால் அக்கூடுதல் நீங்கும். மகளிர் குழுக்களும் பள்ளிவாசல், கோயில், தேவாலயம் சார்ந்த தொண்டு அமைப்புகளும் முயன்றால் இது கைகூடும்.

அளவும் அறமும்

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தாம் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் இருந்தனர் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் பாடினார். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவிலும் நிறையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்துத் தொடங்குகிறது. அதன் பெயரே அவர்களைக் குறிப்பதாகும். அளவைக் குறைப்பது உரிமையைப் பறிப்பது என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

இன்று எடைக்கல் மறைந்து மின்னணுத் தராசு வந்துவிட்டது. பண்டம் வைக்கும் முன் தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது நம் உரிமை. இனிப்பை அட்டைப் பெட்டியோடு நிறுத்தால், பெட்டி 50 கிராம் என்று கொள்வோம். அரைக் கிலோவில் அது பத்தில் ஒன்று. கிலோ 600 ரூபாய் இனிப்பில் முப்பது ரூபாய் அட்டைக்குப் போகிறது. பெட்டியின் எடையைக் கழித்து நிறுக்குமாறு பணிவோடு கேட்கலாம். கடையில் நின்று கணக்கிடுவதை நம் இளைஞர் பலர் நாணத்துக்குரியதாகக் கருதுகின்றனர். கஞ்சன் என்று எண்ணிவிடுவார்களோ என அஞ்சுகின்றனர். நேர்மையான வணிகர் கணக்குக் கேட்பவரை வெறுப்பதில்லை. கேட்பவர் இல்லாத தெருவில்தான் நேர்மையற்றவர் செழிப்பர்.

மாணவர்களுக்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். அடுத்த முறை வீட்டுக்குப் பொருள் வாங்கச் செல்லும்போது மூன்று வினாக்களை உடன் கொண்டு செல்லுங்கள். இதன் நிகர எடை என்ன? ஒரே அளவுக்கு மாற்றினால் விலை என்ன? இதில் எவ்வளவு நமக்குப் பயன்படும்? இம்மூன்றுக்கும் விடை காண அரை, கால், அரைக்கால் என்னும் மூன்று சொற்களே பெரும்பாலும் போதும்.

இவ்வாண்டு விழாவுக்குத் தேயிலை வாங்கும் பொறுப்பை அவ்வலுவலக உதவியாளரிடமே ஒப்படைத்தோம். மாணவர் மூவரையும் அவருடன் அனுப்பினோம். இம்முறை அவர்கள் கற்றுக்கொள்வதற்காக.